கழிவில் எரியும் அடுப்பு – 9: கருவாட்டு வியாபாரி கொண்டுவந்த ஜவ்வரிசி

கொடுங்கையூரில் சாக்கடைத் தண்ணீரின் வாயுவில் இன்ஜின் ஓடுவதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் செங்குன்றம் ரைஸ் மில்களுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் சேலம் குறுக்கே வந்துவிட்டது.

காரணம் ஒரு கருவாட்டு வியாபாரி. ராயபுரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவன் அவரை எப்படித் தாண்டிப் போவது? மாணிக்கம் செட்டியார், சேலத்துக்காரர். கருவாட்டு வியாபாரமாகக் கேரளாவுக்குப் போய்வந்தவர், அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்திக்கிறார். மரவள்ளிக் கிழங்கில் மாவெடுக்கும் தொழில் ஷாவுக்கு அத்துப்படி. உலகப் போர் நேரம். மலேயா, சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிருந்தது. 1943-ல் இருவரும் சேலத்தில் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். கப்பல் வராததால் ஒரு ஜில்லாவுக்கே பிழைப்பு கிடைத்தது! 1981-ல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

நான்கு நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறேன். காசிமேட்டில் கருவாடு விற்கும் அம்மாவிடமும் சொன்னேன். “நம்ம தொழில்காரரா? பாயசம் வெக்கறப்ப நெனச்சுக்கறேன்பா” என்றார்.

சரி, இந்தத் தொழிலின் கழிவுத் தண்ணீருக்கு வருவோம். கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, சலிக்கிறார்கள். சக்கை திப்பியாக ஒதுங்கி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. சலித்து வரும் மாவுப் பால் தொட்டியில் நிற்கும். மாவு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதில் மாவுச்சத்து இன்னும் கலந்திருக்கிறது. வெளியே கிடந்தால் புளித்து நாறும். ஓடையில் விழுந்தால் மீனுக்கு ஆக்சிஜன் மிஞ்சாது.

அதே தண்ணீரைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால், ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கும், இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். அமிலம் மிஞ்சினால் இரண்டாம் கூட்டம் படுத்துவிடும். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவரின் கவலையெல்லாம் அதுதான். சிதைய 1 கிலோ ஆக்சிஜன் கேட்கும் அளவு கழிவிலிருந்து சுமார் 350 லிட்டர் மீத்தேன் வரை எடுக்கலாம் என்பது கணக்கு.

ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பார்த்தேன். எண்ணெய் தடவிய தகட்டில் வெள்ளை மணிகள் வறுபடுகின்றன. அடியில் நீலத் தீ, புகையே இல்லை. முந்தின நாள் தொட்டியில் நின்ற தண்ணீர்தான் இன்றைக்கு அடுப்பில் எரிகிறது என்றார் வறுக்கிறவர். திரும்பும் வழியில் ஓர் ஓடை இதே கழிவுத் தண்ணீரோடு நுரைத்து ஓடியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தபோது வயிறு எரிந்தது. அத்தனையும் விறகு! யாரோ காசு கொடுத்து வாங்கும் விறகு!

செங்குன்றம் கட்டாயம் அடுத்த வாரம். உமி மலையாகக் குவிந்திருக்கும் ஊரில், நெல் ஊறிய தண்ணீரிலிருந்து வாயு எடுக்க மில்காரர் ஏன் மெனக்கெட வேண்டும்? அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)