பென்ஷன் படிவம் 16 காணோமா? ஏரியூரிலிருந்தே மறுபடி எடுக்கலாம்!

ஜூன், ஜூலை வந்துவிட்டால் பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கும் வீடுகளில் பீரோவைக் குடையும் வேலை ஆரம்பித்துவிடும். ‘போன வருஷம் இந்த ஃபைல்லதானே வெச்சேன்?’ என்று ஒருவர் தேட, ‘பழைய பேப்பரோட போயிருக்கும்’ என்று இன்னொருவர் சொல்ல, கடைசியில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் ஒரே காகிதம்தான். அதன் பெயர் படிவம் 16.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில், மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதியில் இருக்கிறது ஏரியூர். இங்கே இருக்கும் ஓய்வூதியருக்கு ஒரு காகிதம் தொலைந்தால், பஸ் பிடித்துப் பென்னாகரம் சார் கருவூலத்துக்கோ, தருமபுரிக்கோ போக வேண்டும். அதிகாரி அன்றைக்கு இல்லையென்றால் மறுநாளும் போக வேண்டும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது சாதாரண அலைச்சல் இல்லை.

ஆனால், இந்தப் பயணம் பலருக்குத் தேவையே இல்லை. உங்கள் கையில் இருந்தது ஒரு பிரதிதான். அதன் தகவல் முழுவதும் பென்ஷன் கொடுக்கும் அலுவலகத்திடமும் வருமான வரித்துறையிடமும் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் ஒரு ஸ்மார்ட்போனும், அதைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஒரு பேரனோ பேத்தியோ இருந்தால் போதும்.

அது என்ன படிவம் 16?

வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் பென்ஷனும் சம்பளம்தான். அதனால், பென்ஷன் கொடுக்கிறவர் அதில் வரி பிடித்தால், அதற்கான சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். அதுதான் படிவம் 16. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ‘ஏ’ பகுதியில் உங்கள் பான் எண், வரி பிடித்த அலுவலகத்தின் ‘டான்’ எண், காலாண்டுவாரியாகப் பிடித்த வரி ஆகியவை இருக்கும். ‘பி’ பகுதியில் மொத்த பென்ஷன், கழிவுகள், வரிக் கணக்கு ஆகியவை இருக்கும்.

மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கான படிவத்தை ஜூன் 15-க்குள் தர வேண்டும் என்பது விதி. எனவே ஏப்ரல், மே மாதங்களில் தேடிவிட்டு ‘வரவில்லையே’ என்று கவலைப்பட வேண்டாம்.

வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய, பிடித்த வரியை ரீஃபண்டாக வாங்க, வங்கிக் கடனுக்கு வருமானத்தைக் காட்ட, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போக விசா கேட்கும்போது என்று இதற்குப் பல உபயோகங்கள் உண்டு.

முதல் கேள்வி: உங்களுக்கு பென்ஷன் கொடுப்பது யார்?

வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே படிவம் 16-ஐ டவுன்லோடு செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அது கிடைக்காது. வரியைப் பிடித்தவர்தான் தர வேண்டும். அவர் யார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழக அரசு ஓய்வூதியர்கள்: அரசுப் பள்ளி ஆசிரியர், வருவாய்த் துறை, காவல் துறை என்று மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கருவூலம் வழியாகவே பென்ஷன் வருகிறது. கருவூலத் துறையின் ‘களஞ்சியம்’ இணையதளத்திலும் மொபைல் செயலியிலும் ஓய்வூதியர்கள் தங்கள் மாதாந்திர பென்ஷன் சீட்டையும் படிவம் 16-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே நுழைய முடியவில்லை என்றால், கருவூலத்தில் பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் பான் எண்ணும் சரிதானா என்று கேளுங்கள். பழைய சிம் கார்டின் எண்ணே இன்னும் பதிவில் இருந்தால், அதை மாற்ற ஒருமுறை மட்டும் நேரில் போய்வருவது நல்லது.

முன்னாள் ராணுவத்தினர்: பாதுகாப்புத் துறையின் ‘ஸ்பர்ஷ்’ தளத்துக்கு மாறியவர்கள், அதில் உள்நுழைந்து ஆவணங்கள் பகுதியில் படிவம் 16-ஐ எடுக்கலாம்.

மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்கள்: வங்கி வழியாக பென்ஷன் வந்தால், அந்த வங்கியின் மத்திய பென்ஷன் பிரிவுதான் வரி பிடிக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியில் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ‘பென்ஷன் சேவா’ என்ற தனி இணையதளம் உண்டு. மற்ற வங்கியில் வாங்குகிறவர்கள் நெட் பேங்கிங்கில் பாருங்கள். இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

பிஎஸ்என்எல்: தொலைத்தொடர்புத் துறையின் ‘சம்பன்’ தளத்தில் பென்ஷன் வாங்குகிறவர்கள் அதிலேயே எடுக்கலாம்.

மின்வாரியம், அரசுப் போக்குவரத்துக் கழகம்: இவர்களுக்கு பென்ஷன் தருவது கருவூலம் இல்லை. அந்தந்த நிறுவனத்தின் ஓய்வூதியப் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

யார் வரி பிடித்தார்கள் என்றே தெரியவில்லையா?

அதற்கும் வழி இருக்கிறது. வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்துக்குப் போங்கள். முகவரி: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். பான் எண்தான் யூசர் ஐடி. பாஸ்வேர்டு மறந்திருந்தால் ஆதார் ஓடிபி மூலம் புதிதாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு உங்கள் மொபைல் எண் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்.

உள்ளே ‘இ-ஃபைல்’ என்பதில் ‘இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’ பகுதிக்குப் போனால் ‘வியூ ஃபார்ம் 26ஏஎஸ்’ என்று இருக்கும். அதைத் தொட்டால் ‘ட்ரேசஸ்’ என்ற தளத்துக்கு அழைத்துப்போகும். அங்கே வருடத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் பெயரில் யார் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்துவிடும். அலுவலகத்தின் பெயரும் டான் எண்ணும் அதிலேயே இருக்கும். 26ஏஎஸ் படிவத்தை பிடிஎஃப் ஆக இறக்கினால், அதைத் திறக்கும் பாஸ்வேர்டு உங்கள் பிறந்த தேதி: நாள், மாதம், வருடம் என எட்டு இலக்கம்.

அதே தளத்தில் ‘ஏஐஎஸ்’ என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையும் உண்டு. பென்ஷன், வங்கி வட்டி, டிவிடெண்ட் எல்லாம் அதில் வரும். அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, சிறிய எழுத்துகளில் பான் எண், அதை ஒட்டியே பிறந்த தேதி.

படிவம் 16 கடைசிவரை கிடைக்காவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். படிவத்தை ரிட்டர்னோடு இணைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மாத பென்ஷன் சீட்டும் 26ஏஎஸ் படிவமும் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

‘உங்களுக்குப் படிவமே இல்லை’ என்றால்?

சிலருக்கு எந்தத் தளத்தில் தேடினாலும் படிவம் 16 வராது. காரணம் எளிது. வரி பிடித்திருந்தால்தான் அந்தச் சான்றிதழ். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். அதையும் சேர்த்து, பென்ஷன் வருமானம் 12,75,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு வரி இல்லை. வரி இல்லாதபோது பிடித்தமும் இல்லை, சான்றிதழும் இல்லாமல் போகலாம். இவர்கள் கேட்க வேண்டியது வருடாந்திர பென்ஷன் விவர அறிக்கை. இது தெரியாமல் ‘படிவம் 16 கொடுங்கள்’ என்று கருவூலத்துக்கு அலைந்தால் பஸ் காசுதான் செலவு.

வைப்புத்தொகை வட்டிக்கு வங்கி பிடித்த வரிக்குத் தருவது படிவம் 16ஏ. அது வேறு, இது வேறு. இரண்டையும் தனித்தனியே வாங்க வேண்டும்.

ஓய்வு பெற்ற வருடம்தான் கவனம்!

ஓர் உதாரணம் பார்க்கலாம். அரசு அலுவலர் ஒருவர் 60 வயது முடிந்து, 2025 செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெறுகிறார். முதல் ஆறு மாதம் மாதம் 1,50,000 ரூபாய் சம்பளம். மொத்தம் 9,00,000. அடுத்த ஆறு மாதம் மாதம் 75,000 ரூபாய் பென்ஷன். மொத்தம் 4,50,000.

சம்பளம் போட்ட அலுவலகம் 9 லட்சத்தை மட்டும் பார்க்கிறது. வரி இல்லை. கருவூலம் நாலரை லட்சத்தை மட்டும் பார்க்கிறது. வரி இல்லை. அவரும் ‘யாரும் வரி பிடிக்கவில்லை, நமக்கு வேலை இல்லை’ என்று நிம்மதியாக இருக்கிறார்.

ஆனால் இரண்டையும் கூட்டினால் 13,50,000. நிலையான கழிவை ஒருமுறைதான் கழிக்க முடியும். மீதி 12,75,000. புதிய முறையில் இதற்கு வரி 71,250 ரூபாய், 4 சதவீத செஸ் 2,850 ரூபாய். ஆக மொத்தம் 74,100 ரூபாய் கட்ட வேண்டும்!

தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டியே வரி கட்டும் கட்டாயம் இல்லை. எனவே ஜூலை 31-க்குள் கட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வட்டி இல்லை. தவறினால் மாதம் 1 சதவீத வட்டியும், 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும். அதனால், ஓய்வு பெற்ற வருடத்தில் பழைய அலுவலகத்தின் காகிதம், கருவூலத்தின் காகிதம் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், ஓய்வின்போது வாங்கிய விடுப்புச் சம்பளம் ஆகியவற்றுக்கு அரசு ஊழியர்களுக்கு வரிவிலக்கு உண்டு. அவை இந்தக் கணக்கில் வராது.

கணவருக்குப் பின் பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்கு...

குடும்ப ஓய்வூதியம் சட்டப்படி சம்பளம் இல்லை; ‘இதர வருமானம்’. அதனால் அதற்குப் படிவம் 16 வராது. ‘அவருக்கு வந்துச்சே, எனக்கு ஏன் வரலை?’ என்று பதறத் தேவையில்லை. பென்ஷன் சீட்டும் ஏஐஎஸ் அறிக்கையும் போதும். இதற்கு 75,000 ரூபாய் கழிவு கிடையாது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைப் புதிய முறையில் கழிக்கலாம். பழைய முறையில் அந்த வரம்பு 15,000.

கணவர் இறந்த வருடத்தில் அவர் பெயரில் வரி பிடித்திருந்தால், அந்தப் பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். இ-ஃபைலிங் தளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்து, அவர் சார்பில் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்கலாம்.

படிவம் வந்ததும் பார்க்க வேண்டியவை

கிடைத்ததும் அப்படியே ஆடிட்டருக்கு ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் செலவிட்டு மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். பான் எண் உங்களுடையதுதானா? படிவம் 16-இல் உள்ள வரித் தொகையும் 26ஏஎஸ்-இல் உள்ள தொகையும் ஒன்றா? அரியர் வந்திருந்தால் அது எந்த வருடங்களுக்கானது?

தொகை மாறினால் அதை நீங்களோ ஆடிட்டரோ திருத்த முடியாது. வரி பிடித்த அலுவலகம்தான் தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். அரியர் மொத்தமாக வந்ததால் வரி கூடியிருந்தால், பிரிவு 89-இன்படி நிவாரணம் உண்டு. அதற்கு ரிட்டர்னுக்கு முன்பே படிவம் 10இ-யை ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டும்.

பான் ஆதாருடன் இணையாமல் செயலிழந்திருந்தால், வரி அதிக விகிதத்தில் பிடிக்கப்படலாம், ரீஃபண்டும் நின்றுவிடும். 80 வயதைத் தொட்டவர்களுக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. படிவங்களின் எண்களும் மாறுகின்றன. 2025-26 வருமானத்துக்குப் பழைய படிவம் 16-தான். அதன் பிறகு வேறு எண்ணோடு வந்தால் குழம்ப வேண்டாம். வேலை அதே வேலைதான்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்

படிவம் 16-இல் பெயர், பான், வருமானம் எல்லாமே இருக்கின்றன. மோசடிக்காரர்களுக்கு இது அல்வா மாதிரி. பிரவுசிங் சென்டரில் எடுத்தால், பிரின்ட் போட்ட கையோடு ஃபைலை டெலிட் செய்யச் சொல்லி, லாக்-அவுட் ஆனதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால் அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

‘உங்கள் பென்ஷன் நிற்கப்போகிறது, இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் தொடவே தொடாதீர்கள். செயலியை போனில் உள்ள ப்ளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியுடன் உட்காருங்கள். 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, வரி பிடித்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பிடித்திருந்து, அவர்களுக்கு வரியே வராது என்றால், அது அவர்கள் பணம். ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும். எடுத்த பிடிஎஃப்பை அவர்களுடைய மெயிலிலேயே, வருடத்தைப் பெயராகப் போட்டு சேமித்து வையுங்கள். அடுத்த ஜூனில் பீரோவைக் குடைய வேண்டியிருக்காது.