கொடுவா: தகப்பனாக இருந்து தாயாகும் மீன்

மீன் சந்தையில் பத்துக் கிலோ கொடுவா ஒன்று கிடந்தால், வயிற்றைக் கீறிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: அநேகமாக அது பெண். இந்த இனத்தில் பெரும்பாலானவை ஆணாகத்தான் பருவமடைகின்றன. சில ஆண்டுகள் ஆணாக இனம் பெருக்கிய மீனின் விந்தகமே பிறகு மெல்ல மெல்லச் சூலகமாக மாறிவிடுகிறது. முட்டையைச் சுமக்கப் பெரிய உடம்பு வேண்டும் அல்லவா? நன்கு வளர்ந்த தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும்.

வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்று பெயர். பாரசீக வளைகுடாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. சரிந்த நெற்றி, கண்ணைத் தாண்டி நீளும் வாய், வெள்ளி உடல். இரவில் விளக்கடித்தால் கண் தணலாக ஒளிரும். அந்தக் கண்ணை ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

முட்டை பொரிய உப்புநீர் வேண்டும். அதனால் முகத்துவாரத்தை ஒட்டியே முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் பொரிந்த குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, கழிகளிலும் அலையாத்திக் காட்டின் வேர்களுக்கிடையிலும் இறால் தின்று வளர்கின்றன. பல குஞ்சுகள் ஆற்றில் ஏறி நன்னீரிலேயே சில ஆண்டுகள் கழிக்கும். பருவம் வந்ததும் மறுபடி உப்பைத் தேடி இறங்கும். நடுவில் அணை குறுக்கிட்டால், மேலே சிக்கிய மீன் கொழுக்கும். ஆனால் குஞ்சு பொரிக்காது.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாவைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. குஞ்சு வளர்ப்பது லேசான வேலையில்லை. சற்றே பெரியது சிறியதை முழுதாக விழுங்கிவிடும் என்பதால், சில நாளுக்கொருமுறை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் ஆறுகளிலும் கடற்கரையிலும் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாராமுண்டியையும் 120க்கு மேற்பட்டதையும் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். சின்னதை விடுவது பல ஊர்களில் உள்ள வழக்கம்தான். பெரியதையும் விடச் சொன்னார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த நீளத்துக்கு மேலிருப்பவை ஏறக்குறைய எல்லாமே தாய்கள்.

நம் பழவேற்காடு ஏரியில் மணல் மேடிட்டு முகத்துவாரம் தூர்ந்துபோகும்போது மீனவர்கள் அதை வெட்டித் திறக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். படகு போக வழி வேண்டும் என்பதோடு, வெளியே பொரிந்த கொடுவாக் குஞ்சு ஏரிக்குள் வருவதற்கும் அந்த வாசல் வேண்டும்.