நோட்டில் இருக்கிறது, கோர்ட்டில் நிற்குமா?

பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஓடும் ஊரில் கடன் கொடுக்காமல் மளிகை வியாபாரம் இல்லை. கூலி வந்தால் பாக்கி வரும். தறி நின்றால் பாக்கியும் நின்றுவிடும். பெரும்பாலும் பேசியே தீர்த்துக் கொள்கிறோம். ஆனால் கடையை மாற்றிக்கொண்டு, எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவரிடம் எப்படி வசூலிப்பது? வழக்குப் போடலாம் என்றால் செலவுக்குப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது நம் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான்.

கடையில் ஒழுங்காக எழுதி வரும் கணக்கைக் கோர்ட் சாட்சியமாக ஏற்கும். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டம் சொன்னதும் இதுதான். 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் இதையே சொல்கிறது. கம்ப்யூட்டர் கணக்குக்கும் இதே விதிதான். பில்லிலோ, நோட்டில் மாதக் கூட்டுத்தொகையின் அடியிலோ வாடிக்கையாளரின் கையெழுத்து இருந்தால் நிலைமையே வேறு.

அடுத்தது காலக்கெடு. தவணை எதுவும் பேசாமல் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஒவ்வொரு நாள் சரக்குக்கும் தனித்தனியாகக் காலம் ஓடும். "போன தீபாவளிக்குக்கூட 500 ரூபாய் கொடுத்தாரே, அப்போதிருந்து எண்ணக் கூடாதா?" என்று கேட்பார்கள். அந்த 500-ஐ நாமே வரவு எழுதிக்கொண்டால் போதாது. கெடு முடியும் முன்பே பணம் வந்திருக்க வேண்டும். கொடுத்ததற்கு அவருடைய கையெழுத்தும் வேண்டும். அப்போதுதான் 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். கெடு தாண்டிவிட்டதா? பழைய பாக்கியைத் தருகிறேன் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அது செல்லும். வாய்ச்சொல் செல்லாது.

புரோநோட்டு வாங்குகிறவர்கள் ரெவின்யூ ஸ்டாம்பை மறக்கக் கூடாது. ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டைப் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்ய வழியில்லை.

இவை சரியாக இருந்தால் முதலில் வக்கீல் நோட்டீஸ். ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பவும். பாதிப் பேர் நோட்டீசைப் பார்த்ததுமே கடைக்கு வந்துவிடுவார்கள். வராதவர் மீது, சிறு தொகையானால், பள்ளிப்பட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்கு. கோர்ட் கட்டணம் முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாய். தமிழக அரசு 2017-ல் அதை 3 ரூபாயாகக் குறைத்தது. 18,000 ரூபாய் பாக்கிக்கு 1,350 கட்ட வேண்டியிருந்தது 540 ஆகிவிட்டது. வக்கீல் பீஸ் தனி. கூட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்யாத பங்கு நிறுவனம் இப்படி வழக்குப் போட முடியாது.

தீர்ப்பு கிடைத்ததும் பணம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு நிறைவேற்று மனு வேறு போட வேண்டும். 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் கைத்தொழிலாளியின் கருவிகளைச் சட்டம் ஜப்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. பாக்கிக்காரர் கைத்தறி நெசவாளி என்றால் தறியில் கை வைக்க முடியாது. கை வைக்கவும் கூடாது என்பதே என் கருத்து. தறி போனால் பாக்கி எங்கிருந்து வரும்?

ஆகவே வழக்குக்கு முன்பே வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பது நல்லது. கட்டணம் கிடையாது. மாதம் 1,500 வீதம் 12 தவணை என்று ஒத்துக்கொண்டு இருவரும் கையெழுத்திட்டால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஏற்கெனவே வழக்குப் போட்டு அங்கே சமாதானமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அவர் வரவில்லை என்றால் கோர்ட் கதவு திறந்தே இருக்கிறது, 3 ஆண்டு முடியாதவரை.