உப்புப் புரளி

500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மூன்றாம் நாள், 2016 நவம்பர் 11இல், டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புக்குத் தட்டுப்பாடு என்று புரளி கிளம்பியது. கிலோ 200 ரூபாய் என்றார்கள். கடைகளில் தள்ளுமுள்ளு. மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் தட்டுப்பாடே இல்லை என்று மறுத்தார்.

கேட்டதை நம்பிப் பக்கத்து வீட்டில் சொன்னவர் வேறு. இருப்பை விற்க வேண்டுமென்றே கிளப்பிவிடுபவர் வேறு. கடை வாசலில் நிற்கும் கூட்டம் என்னவோ ஒன்றுதான்.

மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளங்கள் மூழ்கிக் கிடக்கும் படம் நம் போனுக்கு வந்தால், படம் மெய்யாகவே இருக்கும். ஆண்டுதோறும் அப்படித்தான். கோடையில் வாரிய உப்பு மூடிய குவியலாக இருப்பது படத்தில் வராது. யார் அனுப்பியது, எந்தத் தேதி, அளத்தில் இன்று மூட்டை என்ன விலை? கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அதுவரை பழைய விலைக்கே கொடுப்போம், ஆளுக்கு இரண்டு பாக்கெட்.