கழிக்கப்பட்ட 21 புள்ளிகள்

2021-22 சீசனில் டெர்பி கவுண்டி கிளப் 46 ஆட்டங்கள் ஆடியது. 14 வெற்றி, 13 சமன், 19 தோல்வி. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று என்ற கணக்கில் 55 புள்ளிகள் சேர்ந்தன. இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் படியான சாம்பியன்ஷிப்பில் இது பெருமைப்படவோ பயப்படவோ ஒன்றுமில்லாத எண்ணிக்கை. அதே சீசனில் வெறும் 41 புள்ளிகள் வைத்திருந்த ரெடிங் தப்பித்துக்கொண்டது. டெர்பியோ 24 அணிகளில் 23-ஆவதாக முடித்து மூன்றாம் படிக்கு இறங்கியது. பட்டியலில் அதன் பெயருக்கு நேரே இருந்தது 34தான். கிளப்பின் பண நிர்வாகத்தில் நடந்த தவறுகளுக்காக மீதி 21 புள்ளிகளை லீக் நிர்வாகம் கழித்துவிட்டது. இந்தத் தண்டனை அநியாயம் என்று டெர்பி ரசிகர்கள் கொதித்தார்கள்; போதாது என்று போட்டிக் கிளப்புகள் கொதித்தன. விதிப்படி பார்த்தால் தண்டனையில் குற்றம் காண முடியாது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அது யாரைத் தடுக்க வேண்டுமோ அவரைத் தடுக்கவில்லை, யாருக்கு நியாயம் வழங்க வேண்டுமோ அவருக்கு வழங்கவும் இல்லை. அந்த ஒரு சீசனைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் அந்தப் படிகளைப் பற்றி. சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் நேரே பிரீமியர் லீக்குக்குப் போகும். அந்த ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு வரை வந்தவை பிளே ஆஃப் ஆடி, ஒன்று மட்டும் மேலே ஏறியது. கடைசி மூன்று இறங்கும். மேல்படிக்கும் இந்தப் படிக்கும் இடையே இருப்பது ஒரு படியின் உயரம் என்றால் சிக்கலே இல்லை; தொலைக்காட்சிப் பணம் அதை ஒரு மதில் உயரத்துக்கு ஏற்றிவிட்டது. 2019 பிளே ஆஃப் இறுதிப் போட்டியில் வெல்லும் கிளப்புக்கு அடுத்த மூன்று சீசன்களில் குறைந்தது 17 கோடி பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று டெலாய்ட் நிறுவனம் கணித்தது. ஒரே ஓர் ஆட்டத்துக்கு! பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழுபவர்களுக்கும் பாராசூட் தொகை என்ற பெயரில் மூன்று ஆண்டுகள் வரை பணம் வருகிறது. அப்படி விழுந்து வந்தவர்களோடு, எந்தப் பாராசூட்டும் இல்லாத கிளப்புகள் அதே மைதானத்தில் மோத வேண்டும். எப்படி மோதுவது? உரிமையாளர் கையிலிருந்து போட்டுத்தான். சாம்பியன்ஷிப் கிளப்புகள் மொத்தமாக ஈட்டும் வருமானத்தைவிட அதிகமாகச் சம்பளத்துக்கே செலவழித்த ஆண்டுகள் தொடர்ச்சியாக உண்டு. நூறு ரூபாய் சம்பாதித்து நூற்றைந்து, நூற்றிருபது ரூபாய் கூலி கொடுக்கும் தொழில் வேறெங்கும் ஓராண்டு தாங்காது. இதற்குக் கடிவாளமாக, மூன்று ஆண்டுகளில் மொத்த நஷ்டம் 3.9 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்று லீக் வரம்பு வைத்திருந்தது.

டெர்பி சாதாரணக் கிளப் அல்ல. 1888-இல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் ஒன்று. பிரையன் கிளஃப் பயிற்சியாளராக இருந்தபோது 1972-இலும், அவர் போன பிறகு 1975-இலும் இங்கிலாந்து சாம்பியன். அதே கிளப் 2007-08 பிரீமியர் லீக் சீசன் முழுவதும் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று 11 புள்ளிகளோடு கீழே விழுந்தது. 2014 பிளே ஆஃப் இறுதியில், எதிரணியில் பத்துப் பேர் மட்டுமே இருந்தும், 90-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றது. அடுத்த ஆண்டு கிளப்பை முழுவதுமாகக் கைக்குக் கொண்டுவந்த மெல் மோரிஸ் உள்ளூர்க்காரர், இளமையிலிருந்தே ரசிகர், கேண்டி கிரஷ் விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தில் வைத்திருந்த பங்கால் பெரும் பணக்காரரானவர். எங்கோ இருந்து வந்து கிளப்பைச் சுரண்டிய அந்நியராக அவரைக் காட்டுவது பொருந்தாது. ஊர்ப்பாசம்தான் அவரை அவ்வளவு செலவழிக்க வைத்தது. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். அணி ஐந்தாவது இடத்தில் இருந்தபோதே ஒருவர் நீக்கப்பட்டார் என்றால் அவசரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

செலவு வரம்பை மீறும் நிலை வந்ததும் கணக்கில் இரண்டு வேலைகள் நடந்தன. 2018-இல் கிளப்பின் பிரைட் பார்க் மைதானத்தை மோரிஸின் இன்னொரு நிறுவனம் சுமார் 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தன் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றியதுதான். ஆனாலும் அந்த ஆண்டு நஷ்டம் மறைந்து லாபம் தெரிந்தது. அன்றைய விதியில் இதற்குத் தடை இல்லை. விலை மிகையானது என்று லீக் சுமத்திய குற்றச்சாட்டும் விசாரணையில் நிற்கவில்லை. சிக்க வைத்தது இரண்டாவது வேலை. ஒரு வீரரை 1 கோடி பவுண்டுக்கு நான்காண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், ஆண்டுக்கு 25 லட்சம் என்று செலவு எழுதுவது கிளப்புகளின் வழக்கம். டெர்பி அப்படிச் செய்யாமல், பின்னாளில் அவரை விற்றால் இவ்வளவு கிடைக்கும் என்று தானே ஒரு மதிப்புப் போட்டு, தொடக்க ஆண்டுகளில் செலவைக் குறைத்துக் காட்டியது. ஒப்பந்தம் முடிந்த வீரர், பழைய கிளப்புக்கு ஒரு காசும் கிடைக்காமல், எந்தக் கிளப்புக்கும் போகலாம் என்பது தெருவில் பந்து உதைக்கும் பையனுக்கும் தெரியும். முதல் விசாரணையில் பெரும்பாலும் தப்பிய டெர்பி, லீக் மேல்முறையீடு செய்தபோது 2021-இல் தோற்றது. கணக்கைத் திருத்தி எழுதியபோது வரம்பு மீறல் வெளிப்பட்டது, கிளப்பும் ஒப்புக்கொண்டது. 2021 நவம்பரில் 9 புள்ளிகள் போயின. அதற்குமுன் செப்டம்பரிலேயே, பெருந்தொற்றால் வருமானம் வற்றிவிட்டது, இனிமேல் போட முடியாது என்று மோரிஸ் கைவிரித்திருந்தார். கிளப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதற்கான 12 புள்ளிகள் அப்போதே கழிந்தன.

இப்படியாக நவம்பர் நடுவில் டெர்பியின் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே நின்றது. அணியை நடத்தியவர் வேய்ன் ரூனி. பயிற்சியாளர் வேலைக்குப் புதியவர். வீரர் வாங்கத் தடை இருந்ததால், கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த இளைஞர்களும், முப்பதுகளின் கடைசியில் இருந்த பில் ஜாகியெல்கா போன்றவர்களும் சேர்ந்து ஆடினார்கள். ஜனவரியில் ஜாகியெல்காவும் போய்விட்டார். அந்த அணிதான் அந்த சீசனில் பிரீமியர் லீக்குக்கு ஏறிய போர்ன்மத்தை 3-2 என்றும், 106 கோல் போட்டுச் சாம்பியனான ஃபுல்ஹமை 2-1 என்றும் தன் மைதானத்தில் வீழ்த்தியது. ஜனவரி கடைசியில் பர்மிங்ஹாமுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, 87-ஆவது நிமிடத்தில் ஒன்று, கூடுதல் நேரத்தின் கடைசியில் கிறிஸ்டியன் பியேலிக் தலைகீழாகச் சாய்ந்து உதைத்த உதையில் இன்னொன்று என்று சமன் செய்தது. ஏப்ரல் 18 அன்று கியூ.பி.ஆர். அணியிடம் 88-ஆவது நிமிடக் கோலில் 0-1 என்று தோற்க, அதே நாளில் ரெடிங் 1-4 என்ற நிலையிலிருந்து 4-4 என்று சமன் செய்ய, டெர்பியின் இறக்கம் உறுதியானது. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பரம வைரி நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட், 23 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த சீசனில்தான் பிளே ஆஃப் வென்று பிரீமியர் லீக்குக்குப் போனது. டெர்பிக்காரர்களுக்கு எது அதிகம் வலித்திருக்கும் என்று சொல்வது கஷ்டம்.

சரி, ஆடியவர்கள் நன்றாக ஆடினார்கள் என்பதற்காகத் தண்டனையை விட்டுவிட முடியுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2002-03-இல் லெஸ்டர் சிட்டி இதே போலத் திவால் நிர்வாகத்துக்குள் போய், கடன் சுமையை இறக்கிவைத்துவிட்டு, அதே சீசனில் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த மற்ற கிளப்புகள் கொந்தளித்தன. புள்ளிக் கழிப்பு விதி பிறந்தது அந்தக் கொந்தளிப்பில்தான். டெர்பி விஷயத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. 2018-19-இல் டெர்பி 74 புள்ளிகளோடு ஆறாம் இடம் பிடித்து, இறுதி ஆட்டம் வரை போய், ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றது. 73 புள்ளிகளோடு ஏழாவதாக நின்று வாய்ப்பை இழந்தது மிடில்ஸ்பரோ. 2020-21-இல் டெர்பி 44 புள்ளிகளோடு தப்ப, 43 புள்ளி எடுத்த வைகோம்ப் வாண்டரர்ஸ் கீழே போனது. வைகோம்ப் மிகச் சிறிய கிளப். சாம்பியன்ஷிப்பில் அதற்கு அதுதான் முதல் சீசன்.

இந்த இரண்டு கிளப்புகளுக்கும் நேர்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் புள்ளிக் கழிப்பு இவர்களுக்கு என்ன கொடுத்தது? மிடில்ஸ்பரோவின் 2019-ஐத் திருப்பிக் கொடுக்கவில்லை; நஷ்டஈடு கேட்டுப் போராடிய அதன் உரிமையாளர் ஸ்டீவ் கிப்சன் கடைசியில் மோரிஸோடு தனியாகச் சமரசம் செய்துகொண்டார். வைகோம்பின் இறக்கத்தையும் அது மாற்றவில்லை. டெர்பியிடமிருந்து 2021 நவம்பரில் பிடுங்கிய புள்ளிகளால் பிழைத்தது ரெடிங். அந்த ரெடிங்குக்கும் அதே சீசனில், அதே வகை வரம்பு மீறலுக்கு, 6 புள்ளிகள் கழிந்திருந்தன. தவறு நடந்த ஆண்டு ஒன்று, தண்டனை விழுந்த ஆண்டு வேறு. அநியாயத்துக்கு ஆளானவர் ஒருவர், பயனடைந்தவர் இன்னொருவர். மோரிஸ் தன் பணத்தில் பெரும்பகுதியை இழந்தார் என்பது உண்மை. ஆனால் கழிப்பு தொடங்கும்போதே கிளப் அவர் கையில் இல்லை. எஞ்சியிருந்தவர்கள் அவர் வாங்காத இளம் வீரர்கள், வேலை இழந்த அலுவலக ஊழியர்கள், பாக்கி வரவேண்டிய சிறு வியாபாரிகள், கோடிக்கணக்கில் வரி நிலுவைக்காகக் காத்திருந்த பிரிட்டிஷ் வரித்துறை, சீட்டு வாங்கி வந்த ரசிகர்கள். பணம் தண்ணீராக ஓடியபோது கைதட்டியவர்கள்தானே இந்த ரசிகர்கள் என்பார்கள் சிலர். தட்டினார்கள். ஆனால் கணக்குப் புத்தகம் அவர்களிடம் காட்டப்படவில்லை. அதைத் தணிக்கை செய்தவர்களும் லீக்கின் முதல் விசாரணைக் குழுவுமே ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கேலரியில் உட்கார்ந்தவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது அதிகப்படி.

நியாயம் கிடைக்காவிட்டாலும் பயமாவது வரும் என்பது இன்னொரு வாதம். வந்திருந்தால் நல்லது. 2019-இல் பர்மிங்ஹாமுக்கு 9 புள்ளிகள் போயின; அடுத்து ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, டெர்பி, ரெடிங். வெட்னஸ்டேயின் கதை இன்னும் விசித்திரம். மைதானத்தை உரிமையாளருக்கே விற்றதைக் கணக்கில் தவறான ஆண்டில் காட்டியதற்கு 12 புள்ளிகள் விதித்து, முறையீட்டில் 6 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆறால்தான் 2021 மே மாதம் அது கீழே விழுந்தது. கடைசி நாளில் எதிரே ஆடி 3-3 என்று சமன் செய்து தப்பிய அணி டெர்பி! இவ்வளவும் பட்ட வெட்னஸ்டே, அதே உரிமையாளரின் கீழ், 2025 அக்டோபரில் திவால் நிர்வாகத்துக்குப் போய் மறுபடியும் புள்ளிகளை இழந்தது, இம்முறை 12. உரிமையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. வென்றால் 17 கோடி பவுண்டு இந்த மே மாதமே நிச்சயம். மாட்டிக்கொண்டால் மூன்று நான்கு ஆண்டு கழித்து, அதுவும் தான் இருப்போமா என்று தெரியாத ஒரு சீசனில், சில புள்ளிகள் போகும். இந்தக் கணக்கில் துணிந்து இறங்குபவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

லட்சியத்துக்கு வேலி போட்டால் சின்னக் கிளப்புகள் என்றைக்கும் சின்னதாகவே இருந்துவிடும் என்ற ஆட்சேபத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். கையிலிருந்து பணம் போடும் ஒரு ரசிகரை ஏன் தடுக்க வேண்டும்? தடுக்க வேண்டியதில்லை; அவர் எழுந்து போகும்போது அவர் எழுதிக்கொடுத்த சம்பள ஒப்பந்தங்கள் கிளப்பின் தலையில் நிற்கின்றன, ஆகவே அந்தப் பணத்தை முன்கூட்டியே உறுதி செய் என்று கேட்டால் போதும். சிறிய செலவில் ஏறியவர்களும் இல்லாமலில்லை. 2021-இல் பிரென்ட்ஃபோர்டு ஏறியது. 2008-09-இல் 30 புள்ளிகளை இழந்து லீக்கை விட்டே வெளியேறிய லூட்டன் டவுன், 2023-இல் பிரீமியர் லீக்குக்கு வந்தது. டெர்பியும்தான் மீண்டதே என்பார்கள். டேவிட் கிளவுஸ் என்ற உள்ளூர்க் கட்டுமானத் தொழிலதிபர் மைதானத்தையும் 2022 ஜூலையில் கிளப்பையும் வாங்கினார். 2024-இல் அணி சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. ஆனால் அதற்குமுன் ஒரு அமெரிக்கத் தொழிலதிபரோடு பேசிய பேரம் முறிந்து, கிளப் மூடப்படலாம் என்ற நிலை வரை போனது. ரூனி விலகியதும் அந்த நாட்களில்தான். 2019-இல் பரி கிளப்புக்கு அப்படி யாரும் கடைசி நேரத்தில் கிடைக்காததால் லீக்கிலிருந்தே நீக்கினார்கள். ஒரு கிளவுஸ் வருவார் என்று நம்பி விதி வகுக்க முடியாது.

டெர்பிக்கு 9 புள்ளிகள் கழித்த அதே நவம்பரில்தான், முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வு, கால்பந்துக்குத் தனி ஒழுங்காற்று அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் அது சட்டமானது. உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று முன்பே பார்ப்பது, கிளப்புகளுக்கு உரிமம் கட்டாயமாக்குவது, அனுமதி இல்லாமல் சொந்த மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ விடாமலிருப்பது என்று அதன் பல பிரிவுகள் டெர்பியின் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவை போலவே இருக்கின்றன. இவை விழுவதற்கு முன் பிடிக்கும் வேலைகள். அந்த அளவில் புள்ளிக் கழிப்பைவிட நல்லவை. ஆனால் இரண்டு படிகளுக்கு இடையிலான மதில் அப்படியே இருக்கும்வரை, அதை ஏறத் துடிப்பவர்கள் புதிய சந்துகளைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். பிரீமியர் லீக்கும் கீழ்ப்படி லீக்கும் பணப் பங்கீட்டில் ஒத்துப்போகவில்லை என்றால் தலையிட்டு முடிவு செய்யும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. பாராசூட் தொகையும் அதற்குள் அடங்கும். பிரீமியர் லீக் மிகக் கடுமையாக எதிர்த்த பிரிவுகளில் அதுவும் ஒன்று.