நம்பிக்கையும் சட்டமும்

முட்டுக்காட்டுக் கழிமுகத்தைக் கடந்தால் கோவளம். அவ்வூரில் மாதா கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. ஒன்றன் நெறி மற்றொன்றுக்குச் சட்டமாவதில்லை.

ஒருபாலர் உறவு பற்றிய கருத்து வேற்றுமையிலும் இதனை நினைவிற் கொள்க. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அவ்வுறவைத் தண்டனைக்குரியதாக்கிற்று. வயது வந்தோர் மனமொத்துத் தனிமையிற் கொள்ளும் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல், பெற்றோர் எதிர்த்த இரு மகளிரின் வழக்கை ஏற்ற சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், முதலில் உளவியலாரிடம் தாமே பாடங்கேட்டார். பின்னர், மருத்துவத்தால் இவ்வியல்பை மாற்ற முயல்வதைத் தடுத்தார்.

எவரும் தம் சமயக் கொள்கையைக் கைவிடுமாறு இத்தீர்ப்புகள் பணிக்கவில்லை. ‘எனக்குத் தகாது’ என்று ஒதுங்குவது நம்பிக்கை. ‘உனக்கும் தகாது’ என்று சிறையிலிடுவது அடக்குமுறை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே பிறர் உரிமையையும் தம் நம்பிக்கையையும் ஒருங்கே காப்பர்.