உஷார்! புது வண்டியின் எஞ்சின் தட்டினால் அன்றைக்கே நிறுத்துங்கள்

வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. மீட்டரில் 4,000 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பொனட்டுக்குள் இருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வார்: "புது எஞ்சின்தானே, ஓட ஓடச் சரியாயிரும்." தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பாதீர்கள். எஞ்சினின் அடிவயிற்றில் இருந்து வரும் தட்டல் ஓட ஓடக் குறையாது, வளரும். ஹாலிஎலவில் இருந்து பண்டாரவளை ஏற்றத்தில் ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள், கையில் அடங்கும் ரிப்பேர் எஞ்சினையே மாற்றும் செலவாகிவிடலாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஐந்து வருடமாகக் காத்திருந்தவர்கள் வாங்கத் தொடங்கினார்கள். வரிமேல் வரி ஏறிய விலை. தோட்டப்புறத்து ஆசிரியர், மரக்கறி வியாபாரி, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் காசைச் சேர்த்து வைத்த குடும்பம் என்று பலரும் லீசிங் போட்டு எடுத்த வண்டிகள் இன்று பதுளை றோட்டில் ஓடுகின்றன. எஞ்சின் நின்றால் லீசிங் தவணை நிற்காது. மாதா மாதம் கட்டிக்கொண்டே, ஓடாத வண்டியை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

"பெரிய கம்பெனி செய்தது, புதுசு, அதில் என்ன கோளாறு வரப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு மூன்று சம்பவங்கள் சொல்கிறேன். 2015 செப்டெம்பரில் ஹியுண்டாய் கம்பெனி அமெரிக்காவில் ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம் சொனாட்டா கார்களைத் திருப்பி அழைத்தது. தொழிற்சாலையில் கிராங்க் தண்டைக் கடைந்தபோது விழுந்த உலோகத்தூள் முழுதாகக் கழுவப்படாமல் ஒயில் பாதைக்குள் தங்கிவிட்டது. அது ஒயில் ஓட்டத்தைத் தடுக்க, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனரொட்டின் பெயாரிங் தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. 2024 மே மாதம் டொயோட்டாவும் இதே மாதிரித் தூளுக்காக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டன்ட்ரா, லெக்ஸஸ் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. 2022, 2023 மாடல்கள் அவை. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் 6.2 லீட்டர் வீ8 எஞ்சின்களுக்காக, அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 இலட்சம் வண்டிகளை அழைத்தது. கிராங்கிலும் கொனரொட்டிலும் கோளாறு. இந்த மாடல்கள் நம் றோட்டில் அதிகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் புதியது என்பதே ஒரு உத்தரவாதம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஹியுண்டாய் அதன்பிறகு செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். எஞ்சினில் ஏற்கனவே இருக்கும் நொக் சென்சரை வைத்து, பெயாரிங் தேயும்போது எழும் அதிர்வைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வண்டிகளில் ஏற்றினார்கள். அந்த அதிர்வு பிடிபட்டால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மின்னும், வண்டி வேகம் எடுக்காது. அதாவது, எஞ்சின் சாகுமுன் தட்டிச் சொல்கிறது என்பதைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தட்டலைக் கேட்க ஒரு காது பொருத்தியது. உங்கள் வண்டியில் அந்தக் காது இல்லாவிட்டால், கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

சுழலும் கிராங்குக்கும் பெயாரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. அதை நிரப்பி நிற்பது ஒயில் படலம். அந்தப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. ஒயில் குறைந்தாலோ, அழுத்தம் விழுந்தாலோ, குழாய் அடைபட்டாலோ தட்டல் தொடங்கும். சிவப்பு ஒயில் விளக்கு எரியட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அழுத்தம் அடிமட்டத்துக்கு விழுந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும். சத்தம் அதற்கு முன்னரே வரலாம்.

எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவரின் காரைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வெலிமடை றோட்டும் பண்டாரவளை றோட்டும் சேரும் ஹாலிஎல சந்தியில் இருந்து கொஞ்சம் தள்ளி, சமதரையில் நிறுத்தியிருந்தார். சும்மா ஓடும்போது சத்தம் மெல்லியது, மரக்கதவை முட்டியால் தட்டுவது போல. அவர் அக்சிலேட்டரை மெதுவாக மிதிக்க, தட்டலும் அதே தாளத்தில் வேகம் பிடித்தது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குப் போய்க் காலை எடுத்ததும், இறங்கும் நேரத்தில் இரட்டைத் தட்டாகக் கேட்டது. எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவினோம். ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. வெள்ளை டிஷ்யூவில் துடைத்து வெயிலில் பிடித்தபோது, கரிய கறைக்குள் பொடிப்பொடியாக மின்னியது. "டீச்சர், இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கூட வந்திருந்த கராஜ் பாஸ் சொன்னார். அதற்குமேல் அவர் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. அந்த மனிதருக்கு என் மரியாதை. வாரண்டி உள்ள எஞ்சினைத் தெருவோரக் கராஜில் திறந்தால், கம்பெனி கையை விரித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சுற்றோடு சேர்ந்து ஏறுகிற, பாரம் கூடும்போது உரக்கிற, ஆழமான தட்டல்: இதுதான் பயப்பட வேண்டிய சத்தம். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு மட்டும் கேட்டால் தப்பிவிடும். உடுவரைப் பக்கம் ஏற்றத்தில் கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்து, ஒரு பக்கம் கல்மதில் இருக்கும் இடத்தில் மெதுவாக ஏறினால் சத்தம் மதிலில் பட்டு உங்களிடமே திரும்பி வரும். ஆனால் தட்டல் ஏற்கனவே பலமாக இருந்தால் இந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

எல்லாச் சத்தமும் ஆபத்து இல்லை. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்ஜெக்டர் 'டிக் டிக்' என்று ஓயாமல் கேட்கும், அது அதன் இயல்பு. பனிக்காலையில் பெல்ட் கீச்சிட்டு ஈரம் காய்ந்ததும் அடங்கினால், பெல்ட்டைப் பார்த்தால் போதும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அடியில் தகரம் அதிர்ந்தால், சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணிய முதல் ஒன்றிரண்டு விநாடி 'கரகர' என்று உறுமி அடங்குவது வேறு கதை: டைமிங் செயின் டென்ஷனர் அல்லது வால்வ் டைமிங் கியரில் ஒயில் நிற்காமல் வடிகிறது என்று பொருள். அன்றைக்கே நிறுத்த வேண்டாம், ஆனால் வாரண்டி முடியுமுன் எழுத்தில் பதிய வேண்டும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புத்தளையில் இருந்து பெரகல, ஹல்துமுல்ல பக்கம் நீண்ட இறக்கத்தில் போகும்போது, காலை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக உறுமினால் பதற வேண்டாம். பற்றரி நிறைந்துவிட்டது, இனி அதற்குள் மின்சாரம் ஏற்ற இடமில்லை, அதனால் டொயோட்டா மாதிரி ஹைபிரிட்கள் பெட்ரோல் செலுத்தாமல் எஞ்சினைச் சுழற்றி வண்டியைப் பிடிக்கின்றன. ஏற்றத்தில் வேகத்தைவிட எஞ்சின் சத்தம் முந்திக்கொண்டு ஏறுவதும் அந்த வகைக் கியரின் குணம். ஆனால் உறுமலுக்குள் தட்டல் கலந்திருந்தால் ஹைபிரிட்டும் விதிவிலக்கு அல்ல.

ஏற்றத்தில் மட்டும் கிணுகிணு என்று கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்டால், பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிறது. உடனே "92 அடிச்சா அப்படித்தான், 95 அடிங்க" என்பார்கள். ஐரோப்பிய டர்போ வண்டிக்கு அது சரி. ஜப்பானில் சாதாரணப் பெட்ரோலுக்கு விதித்த அடிமட்ட ஒக்டேனே 89தான், ஆகவே அந்தப் பெட்ரோலுக்கென்று செய்த சின்ன ஜப்பான் காருக்கு நம் ஷெட்டில் விற்கும் 92 தாராளம். அதுமட்டுமல்ல, மலை ஏற ஏறக் காற்று மெலியும், அதனால் இந்தச் சத்தம் குறையத்தான் வேண்டும். பண்டாரவளை உயரத்திலும் கேட்கிறது என்றால் பெட்ரோலைக் குறைசொல்லி நேரத்தைக் கடத்தாதீர்கள். கூலன்ட் குறைந்து எஞ்சின் சூடேறுகிறதா, சென்சர் கெட்டதா என்று ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். சின்ன டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில் முழுப் பாரத்தை ஏற்றினால் பிஸ்டனையே உடைக்கிற வெடிப்பு வரலாம். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் அக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்காமல், கியரைக் குறைத்து எஞ்சினைச் சுற்றவிடுங்கள்.

ஒயில் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. லயத்து வாசலும் தோட்டத்து றோட்டும் சரிவு. சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தால், குறைந்த ஒயிலும் நிறைந்ததாகக் காட்டக்கூடும். சமதரை தேடிப் பாருங்கள். ஒயில் மட்டம் குறைவது மட்டுமல்ல, கூடுவதும் கெட்ட செய்தி. குளிரில் குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடும் எஞ்சினில் பெட்ரோல் ஒயிலோடு கலந்து மட்டம் ஏறும். 2018இல் சீனாவின் குளிர்ப் பிரதேசங்களில் எழுந்த இந்தப் புகாரால் ஹொண்டா சீஆர்வீயின் விற்பனையே அந்த நாட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் ஒயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சத்தம் கேட்டதும் "கெட்டியான ஒயில் ஊத்தினா அடங்கிடும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அடங்கும், உண்மைதான். தேய்ந்த பெயாரிங்கை அது குணப்படுத்தாது, சத்தத்தை மட்டும் மூடும். 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 என்று புத்தகத்தில் போட்டிருக்கும் எஞ்சின் அந்த மெல்லிய ஒயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஜெனரல் மோட்டர்ஸும் பின்னர் கெட்டி ஒயிலுக்கு மாற்றியது என்று யாராவது வாதாடலாம். அது பரிசோதித்துத் தேறிய எஞ்சின்களுக்கு மட்டும், உற்பத்தியாளரே குறித்துக் கொடுத்த ஒயில். சத்தம் போடுகிற எஞ்சினுக்கு அல்ல. ஓடிய வண்டி வாங்கப் போகிறவர்களும் இதை மனதில் வையுங்கள். விற்பவர் வீட்டுக்கு விடியற்காலையில் போங்கள், முதலில் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னரே யாரோ ஸ்டார்ட் பண்ணி, குளிர்ச் சத்தத்தை விரட்டிவிட்டார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

மலை றோட்டில் எஞ்சின் நின்றால் பணம் மட்டும் போவதில்லை. எல்ல - வெல்லவாய இறக்கத்தில் எஞ்சின் செத்தால், சாதாரணக் கார்களின் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். ஒரே தடவை பலமாக மிதித்து அழுத்திப் பிடித்தபடியே மலைப்பக்கம் ஒதுங்குங்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வண்டி நிற்கும்வரை எடுக்கவே கூடாது.

இனி வாரண்டிக் கணக்கு. ஹாலிஎலவில் காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்ட சத்தம், மலை இறங்கிக் கொழும்பு போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகி மறைந்திருக்கும். சேவிஸ் நிலையத்தில் "ஒரு சத்தமும் இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் காட்சியைப் போனில் வீடியோ எடுங்கள். மீட்டரும் சுற்று முள்ளும் முதலில் தெரிய, வெட்டாமல் அதே வீடியோவில் திறந்த பொனட்டுக்குப் போங்கள். விசிறி தானாகச் சுழலத் தொடங்கும், கையையும் தாவணியையும் தள்ளி வையுங்கள். வண்டியை ஏஜென்டிடம் இரவு விட்டு, மறுநாள் காலை உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஜொப் கார்டில் 'வாடிக்கையாளர் புகார்: தட்டல் சத்தம்' என்று தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதி வாங்காமல் வரவே கூடாது. தட்டல் ஆழமானது என்றால் ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், நாலு சில்லும் தரையில் படாத கெரியரில் ஏற்றுங்கள். ஜப்பானில் இருந்து இறங்கிய வண்டிக்குச் சேசி நம்பரை டொயோட்டா, சுசுகி, ஹொண்டா கம்பெனிகளின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டால், திருப்பி அழைத்த வண்டியா என்று சொல்லிவிடும். மொழி தெரியாவிட்டால் போனே மொழிபெயர்க்கும்.

விற்றவர் கைகழுவினால் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை வியாபாரி விற்றால் அங்கே முறையிடலாம். ஆனால் கவனம்: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சத்தம் கேட்ட நாளில் இருந்து அல்ல, வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதம். அந்தக் காலம் தாண்டிவிட்டால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும், நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் அந்த உரிமையை விலக்கும் வரி இருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணி பார்க்க வேண்டியும் வரும். வாங்கி இரண்டு மாதம் ஆனவர்கள், சத்தத்தில் சந்தேகம் இருந்தால், முறைப்பாட்டை இந்த வாரமே எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள்.